ஏற்காட்டுக்கு எத்தனை பல்?

கேள்வி, 9 ஜூன் 2023

அண்ணா, என்னிடம் இருப்பது 21 கியர் ஹைப்ரிட் சைக்கிள். போன ஞாயிறு சேலம் கோரிமேட்டிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். ஏழாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் முடியவில்லை, இறங்கித் தள்ளினேன். கூட வந்த நண்பன் வெறும் 16 கியர் ரோடு சைக்கிளில் போய், ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தான். 27 கியர் போட்டால் ஏறிவிடலாமா? கடையில் கேட்டால் புது சைக்கிளே வாங்கச் சொல்கிறார்கள்.

9 ஜூன், இரவு

புது சைக்கிளும் வேண்டாம், 27 கியரும் வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அது விற்கிறவருடைய கணக்கு. ஏறுகிறவருக்கு ஒரே கேள்விதான்: இருக்கிற கியர்களில் ரொம்ப லேசானது எவ்வளவு லேசு? பெடல் பக்கம் உள்ள பல்சக்கரங்களில் சிறியதற்கு எத்தனை பல், பின்னால் பெரியதற்கு எத்தனை பல், எண்ணிச் சொல்லுங்கள் தம்பி. முடிந்தால் எல்லாவற்றையும் எண்ணிவிடுங்கள். முதல் பல்லில் சாக்பீஸ் குறி வைத்துக்கொண்டு எண்ணவும். நான் ஒருமுறை குறி வைக்காமல் எண்ணி 31 என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அது 28.

10 ஜூன்

முன்னால் 48, 38, 28. பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. ஒழுங்காக எண்ணியிருக்கிறீர்கள்.

உங்கள் லேசான கியர் 28-க்கு 28, அதாவது முன்னால் 28 பல், பின்னால் 28 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் சரியாக ஒரு சுற்று. 700×35 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.17 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகலாம். நண்பரின் ரோடு சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 34, பின்னால் 28 இருக்கும். அது உங்களுடையதைவிடக் கனமான கியர். அவர் ஏறிவிட்டார், நீங்கள் ஏறவில்லை. மன்னிக்கவும், இதில் சைக்கிளைக் குறை சொல்ல இடமில்லை. கால் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

21 என்ற மயக்கம் தெளிய ஒரு கணக்கு. 48-ஐ 24-ஆல் வகுத்தால் 2. 28-ஐ 14-ஆல் வகுத்தாலும் 2. இரண்டும் ஒரே கியர். 48-க்கு 28, 38-க்கு 22, 28-க்கு 16 மூன்றும் 1.71, 1.73, 1.75. மிதிக்கிற காலுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இப்படி ஒன்றோடு ஒன்று ஒட்டியதையெல்லாம் கழித்தால் 21-ல் தேறுவது 13.

இருந்தாலும் இன்னும் லேசாக வேண்டுமென்றால் 14-34 ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் மாட்டும் பல்சக்கரக் கட்டு, சிறியதற்கு 14 பல், பெரியதற்கு 34) கிடைக்கிறது. 28-க்கு 34 என்றால் 0.82. அதே 60 சுற்றில் மணிக்கு 6.4 கிலோமீட்டர். அதைப் போட்டுவிடுங்கள்.

11 ஜூன்

நேற்று சொன்னதில் கடைசிப் பத்தியை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். 14-34 என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் 14, 16, 18, 20, 22, 24, அப்புறம் நேராக 34. பல் விழுந்த வாய் மாதிரி. 24-லிருந்து 34-க்குப் போனால் ஒரே தாவலில் 42 சதவீதம். இருந்த 28 போயே போய்விடுகிறது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம், நேற்று ஏன் மறந்தேன் தெரியவில்லை. என் ரோடு சைக்கிளில் முன்னால் 50-34, பின்னால் எட்டுச் சக்கரம், 11-28. அதில் ஏற்காடு ஏறிவிடுவேன், ஆனால் மேலே போனதும் யாரோடும் பேசும் நிலையில் இருக்க மாட்டேன். 2019-ல் 11-34 காசெட் (இதுவும் பின்னால் மாட்டும் பல்சக்கரக் கட்டுதான்) வாங்கி மாட்டினேன். 11, 13, 15, 17, 20, 23, 26, 34. கடைசித் தாவலைப் பாருங்கள். 26-ல் 60 சுற்று என்றால் மணிக்கு 9.9 கிலோமீட்டர். தொடை எரியும். சரி என்று 34-க்குத் தட்டினால் கால் காற்றில் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் அங்கே 60 சுற்றுக்கு வேகம் 7.6-தான். வேகம் விழும்வரை காலை வீணாகச் சுற்ற வேண்டும். விழுந்ததும் அடடா இன்னும் கொஞ்சம் மிதிக்கலாமே என்று திரும்ப 26. இப்படி மலை முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். கியர் மாற்றும் ஷிஃப்டர் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு 11-32-க்கு மாறினேன். 11, 13, 15, 18, 21, 24, 28, 32. மேல்நுனியில் இழந்தது 6 சதவீதம், மணிக்கு 7.6-க்குப் பதில் 8. கிடைத்தது 24, 28, 32 என்று அடுத்தடுத்து மூன்று ஏறுகிற கியர். வழியில் பெரும்பாலான நேரம் 28-ல்தான் இருக்கிறேன், 32 வளைவுகளுக்கு மட்டும். போன ஐந்தாறு தடவையும் மேலே போய் மனிதனாகப் பேசினேன்.

ஆகவே தம்பி, 14-34 வாங்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

11 ஜூன், இரவு

“பின்னால் இவ்வளவு தொந்தரவு எதற்கு, முன் பல்சக்கரத்தைச் சின்னதாக்கினால் போதாதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆக்கலாம், கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, இடம் கொடுத்தால். பல்சக்கரத்தைக் கிராங்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் இருக்கும். அந்த வட்டத்துக்கு உள்ளே போகிற அளவு சின்னச் சக்கரம் போட முடியாது. ஐந்து கை கிராங்கில் வட்டம் 130 மில்லிமீட்டர் என்றால் 38 பல்லோடு சரி. 110 என்றால் 34 வரை இறங்கலாம். கேள்வி கேட்ட தம்பியின் கிராங்கில் போல்ட்டே இல்லை, சக்கரங்களை ரிவெட் அடித்திருக்கிறார்கள். அதில் சக்கரம் மாற்ற வேண்டுமென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும்.

14 ஜூன்

11-34 மாட்டியபோது நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது காசெட்டை மட்டும் வாங்கி மாட்டிவிடப் போகிறார்கள்.

பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி; எங்கள் பட்டறையில் டிரெய்லர் என்பார்கள், படத்துக்கு வருகிற மாதிரி) எவ்வளவு செயின் தளர்வைச் சுருட்டிக்கொள்ளும் என்று ஒரு கணக்கு உண்டு. முன்னால் பெரியதில் சிறியதைக் கழிக்கவும். 50-34, மிச்சம் 16. பின்னாலும் அப்படியே. 34-11, மிச்சம் 23. கூட்டினால் 39. என்னிடம் இருந்த குட்டைக் கை டிரெய்லியருக்கு அந்தத் தெம்பு இல்லை. 34 பல்லின் மேலேயே உரசியது. பின்பக்கத் திருகை, அதாவது மேல் உருளைக்கும் பெரிய சக்கரத்துக்கும் இடைவெளி வைக்கும் திருகை, கடைசிவரை முறுக்கியும் இடைவெளி வரவில்லை. 5, 6 மில்லிமீட்டராவது வேண்டும்.

கடைசியில் மலை சைக்கிளுக்கான ஷிமானோ அல்டஸ், நீளக் கை, 43 பல் வரை தாங்குவது, அதைப் போட்டேன். ரோடு ஷிஃப்டரோடு மலை டிரெய்லியர் ஒத்துப்போகுமா என்று பயந்தேன். ஷிமானோவில் பின்னால் 7, 8, 9 சக்கரம் வரை இரண்டுக்கும் கேபிள் இழுக்கிற அளவு ஒன்றுதான். 10-லிருந்து மாறிவிட்டது, அங்கே கலக்கக் கூடாது. முன் டிரெய்லியருக்கு இந்தச் சலுகை எந்தக் காலத்திலும் கிடையாது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுப் பழைய செயினை அப்படியே விட்டேன். புதுச் செயின் எதற்கு, நன்றாகத்தானே இருக்கிறது என்று. அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டிக் கொஞ்சம் மேடு. ஞாபகமில்லாமல் முன்னால் 50-ல் இருந்தபடியே பின்னால் 34-க்குத் தட்டினேன். செயின் கம்பி மாதிரி விறைத்தது. டிரெய்லியர் கை முன்னால் நீண்டு, அதைப் பிடித்திருந்த ஹேங்கர் வளைந்து, கை ஸ்போக்ஸுக்குள் போய், இரண்டு ஸ்போக்ஸ் டப் டப். ஆட்டோவில் வைத்து வீட்டுக்கு. ஆட்டோக்காரர் வழி முழுக்க கியர் இல்லாத சைக்கிளின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பதில் பேசவில்லை.

செயின் நீளம் பார்ப்பது இப்படி. டிரெய்லியருக்குள் நுழைக்காமல், முன்னால் பெரியது பின்னால் பெரியது இரண்டையும் சுற்றிப் பிடிக்கவும். முனைகள் சந்திக்கிற இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட விட்டு வெட்டவும். ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பெரிசுக்குப் பெரிசு போட்டு ஓட்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒருநாள் போடுவார்கள். அன்றைக்குச் செயின் எட்ட வேண்டும்.

18 ஜூன், ஞாயிறு

என் 10-ம் தேதிக் குறிப்பை அழிக்கப் போவதில்லை. கிடக்கட்டும், எனக்கே பாடம்.

இன்று காலை கேள்வி கேட்ட தம்பியை நேரில் பார்த்தேன், சைக்கிளோடு. ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினோம். இடது கை ஷிஃப்டர் 3-லிருந்து 2-க்கு வந்தது, செயினும் 48-லிருந்து 38-க்கு இறங்கியது. 2-லிருந்து 1-க்குத் தட்டினார். டிக் என்று சத்தம் வந்தது. செயின் 38-லேயே உட்கார்ந்திருந்தது. திரும்பத் திரும்பத் தட்டினோம். எண் 1 காட்டுகிறது, செயின் அசையவில்லை.

குனிந்து பார்த்தால் அந்த 28 பல் சக்கரம் பெட்டியிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. கறுப்புப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. ஒன்றரை வருஷமாக ஒருநாள்கூடச் செயின் அதன்மேல் படவில்லை. 21 கியர் சைக்கிளில் அவர் 14 கியர்தான் ஓட்டியிருக்கிறார், அதிலும் மலைக்கு வேண்டிய ஏழும் இல்லாமல்.

காரணம் ஒரு திருகு. முன் டிரெய்லியரில் எல், எச் என்று இரண்டு எல்லைத் திருகுகள் உண்டு. எல் உள்பக்க எல்லை. சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவர் செயின் உள்ளே கழன்று விழக்கூடாது என்று அதை இறுக்கிவிட்டார் போலிருக்கிறது. செயின் விழவில்லை. இறங்கவும் இல்லை. சரி செய்ய ஐந்து நிமிஷம் ஆனது. கேபிளைத் தளர்த்தி, பின்னால் செயினைப் பெரிய சக்கரத்தில் வைத்து, எல் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்தோம். செயினைக் கையால் 28-ல் உட்காரவைத்து, டிரெய்லியரின் உள்தகடு அதைத் தொட்டும் தொடாமலும், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கிற மாதிரி விட்டோம். பிறகு கேபிளை இழுத்துக் கட்டினோம். இடது கையை 1-க்குத் தட்டினார். செயின் இறங்கியது. தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, அவர் ஏற்காடு ஏறப் பார்த்தது 38-க்கு 28-ல். நண்பருடையதைவிடக் கனமான கியரில். 60 சுற்று மிதித்தால் மணிக்கு 10.6 கிலோமீட்டர். ஏற்காட்டுச் சாலை அடிவாரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறுகிறது, சராசரி 5 சதவீதம். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வைத்துக்கொண்டால் அந்த வேகத்துக்குச் சுமார் 137 வாட் வேண்டும். 8 சதவீதத் துண்டு வந்தால் 210. 28-க்கு 28-ல் அதே 60 சுற்றுக்கு முறையே 100, 155. முதல் கணக்கு நன்றாக ஓட்டிப் பழகியவருக்கு. இரண்டாவது கணக்கு நம்மைப் போன்றவர்களுக்கு. கால் பழகவில்லை என்று சொன்னேனே, அந்தக் காலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் இன்னொரு சங்கடம். 14-34 ஃப்ரீவீல் வாங்கிவிட்டார். என் 10-ம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு அன்று மாலையே. 11-ம் தேதித் திருத்தத்தைப் படிக்கவில்லை.

20 ஜூன்

“ஃப்ரீவீல், காசெட் இரண்டும் ஒன்றுதானே?” இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஃப்ரீவீலில் பல்சக்கரங்களும் கிர்ர் என்று சத்தம் போடும் உள்பொறியும் சேர்ந்து ஒரே கட்டி. அது மரையில் ஹப்மேல், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின் மேல், திருகி ஏறும். காசெட்டில் உள்பொறி ஹப்போடு இருக்கும், பல்சக்கரங்கள் மட்டும் வரிப்பள்ளங்களில் சறுக்கி உட்காரும், மேலே ஒரு பூட்டு வளையம். ஒன்றின் ஹப்பில் மற்றது ஏறாது. விலை குறைந்த 7 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். 8-க்கு மேல் அநேகமாகக் காசெட்.

ஃப்ரீவீலைக் கழற்றுவது தனிக் கலை. மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்குகிறது. இரண்டு வருஷம் மிதித்தது ஸ்பேனருக்கு அசையுமா? எங்கள் பட்டறைக்காரர் கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன்மேல் கவிழ்த்து, ரிம்மை இரண்டு கையாலும் பஸ் ஸ்டியரிங் மாதிரி இடதுபக்கம் ஒடிப்பார். டக். அவ்வளவுதான். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறந்தால் அடுத்த முறை பஸ் டிரைவரையே கூப்பிட வேண்டியிருக்கும்.

24 ஜூன்

கொஞ்சம் வழி மாறுகிறேன். அப்பாவின் கறுப்பு சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. நேற்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். தம்பி தள்ளிக்கொண்டு போன கியரில் ஒரு சுற்றுக்கு 2.94 மீட்டர்தான். கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, இதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஊரைச் சுற்றினார். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். அதில் அவருக்கு எந்த வெட்கமும் இருந்ததில்லை. அவர் தள்ளியதை நான் தோல்வியாக நினைத்ததும் இல்லை. எனக்கு 34-க்கு 28-ல் இறங்க நேர்ந்தபோது மட்டும் ஏன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்?

கியர் போடுவது ஏமாற்று வேலை என்ற எண்ணம் பெரிய இடங்களிலும் இருந்திருக்கிறது. துர் த பிரான்ஸ் பந்தயத்தில் டிரெய்லியருக்கு அனுமதி கிடைத்ததே 1937-ல்தான். அதற்கு முன்னால் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிவிட்டு ஏறுவார்கள். நம் தம்பி ஏழாவது வளைவில் இறங்கியது பழைய மரபுப்படி சரி.

2 ஜூலை, ஞாயிறு

ஏறிவிட்டார்.

காலை ஐந்தரைக்கு அடிவாரம். நானும் கூடப் போனேன். ஆரம்பத்திலேயே முன்னால் 28-க்கு இறக்கிவிடச் சொன்னேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 38-லேயே போனால், மேட்டில் முழு அழுத்தத்தோடு மிதிக்கும்போது முன் பல்சக்கரம் மாற்ற வேண்டி வரும், செயின் கழலும். பின்னால் 20, 22, 24 என்று மாற்றிக்கொண்டே வந்தார். 28 தேவைப்பட்டது வளைவுகளில் மட்டும்.

வளைவுகளைப் பற்றி ஒன்று. நாம் சாலையின் இடதுபக்கம் போகிறவர்கள். வலதுபக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நமக்கு, சுற்று நீளம், ஏற்றம் சாது. இடதுபக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம், அங்கே சாலை சுவர் மாதிரி எழும்பும். அதற்குப் பத்தடி முன்னாலேயே கியரை லேசாக்கிவிட வேண்டும். உள்ளே போய்த் தட்டினால் செயின் கறகறவென்று கத்தும். பின்னால் வண்டி வராவிட்டால் உள்மூலையை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகலாம்.

ஏழாவது வளைவில் நின்றார். எனக்குத் திக்கென்றது. போட்டோ எடுக்கத்தான் நின்றாராம்.

இருபதாவது தாண்டியதும் பேசுகிற நிலையில் இருந்தார். பஜ்ஜி அவர் செலவு.

4 ஜூலை

மலையிலிருந்து வந்த பிறகு பின் கியர் தயங்குகிறது, 18-லிருந்து 20-க்கு ஒரு தட்டில் போகவில்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். எல்லைத் திருகுகளைத் தொடவே வேண்டாம். டிரெய்லியரில் கேபிள் நுழைகிற இடத்தில் கையால் திருகும் உருளை இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் கால் சுற்று. பெடலைச் சுற்றித் தட்டிப் பார்க்கவும். போதவில்லையென்றால் இன்னொரு கால் சுற்று. பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இந்தப் பக்கம், சிறியதற்கு இறங்கத் தயங்கினால் அந்தப் பக்கம். ஆத்திரத்தில் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு எனக்குப் போன் செய்யக் கூடாது.

9 ஜூலை

நண்பரின் சைக்கிளையும் எண்ணியாயிற்று. முன்னால் 50-34, பின்னால் 11-32. நான் ஊகித்தது 28, அதுவும் தப்பு. 34-க்கு 32 என்றால் 1.06. தம்பியின் 28-க்கு 28-தான் இன்னும் லேசு. இது தெரிந்ததிலிருந்து நண்பர் நிம்மதியாக இல்லை. பெட்டி பிரிக்காத அந்த 14-34-ஐத் தனக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறாராம்.

அவருடையது காசெட் ஹப். 20-ம் தேதிக் குறிப்பை அவரும் படிக்கவில்லை.